ஒன்றை அழுத்தவும்

தயாளினி மாங்குளம் பஸ்ஸில் ஏறிப் போய் ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. அவளுடைய மாமியார் ஜோசப்பின் வழியனுப்பப் படலை வரைகூட வரவில்லை என்பதைப் போன வாரம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படிக்காதவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஒரு பட்டன் போனில் போட்ட காசு நிற்காத காரணத்தால், முல்லைத்தீவுக் கரையில் ஒரு நல்ல குடும்பம் ஆளுக்கொரு திசையில் நிற்கிறது.

போன் ஜோசப்பினுடையது. மருமகள் தயாளினியின் போன் களப்புத் தண்ணீரில் விழுந்து செத்துப்போன பிறகு, டோகாவில் வேலை செய்யும் அனிஸ்ரன் தன் பெண்சாதியோடு கதைப்பதும் தாயின் போனில்தான். தவக்காலம் தொடங்கியதிலிருந்து அதில் போடுகிற ரீலோட் அடுத்த நாளே காணாமல் போகத் தொடங்கியது. ஜோசப்பின் அதிகம் யாருக்கும் அழைப்பு எடுப்பதில்லை. மகள் கிருசாந்தினிக்குச் சொந்தப் போன் இருக்கிறது. புருசன் இன்னாசித்தம்பிக்கோ போனைக் கண்டாலே ஆகாது. அப்படியானால் மிச்சம் யார்?

"ஆரோட கதைக்கிறாய்?" என்று ஜோசப்பின் ஒரு நாள் கேட்டாள். இன்னொரு நாளும் கேட்டாள். கடைசியாகக் கேட்டபோது, கேட்கவே கூடாத ஒன்றையும் சேர்த்துக் கேட்டாள். தயாளினியின் தாய் தகப்பன் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து, கனகராயன்குளத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். "தோட்டக்காட்டுப் புத்தி எங்க போகும்?" என்று ஜோசப்பின் சொன்னாள். தயாளினி அன்றைக்கே பையைக் கட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமை அனிஸ்ரன் டோகாவிலிருந்து அழைப்பு எடுத்தபோது, தாய் எல்லாவற்றையும் அவன் காதில் போட்டாள். அவன் கேட்டுவிட்டு, "போன் கொம்பனியில போய்க் கேளுங்கோ அம்மா. ஆருக்கு எடுத்தவள் எண்டு அவைக்குத் தெரியும். அடுத்த வெள்ளி பின்னேரம் எடுக்கிறன். நீங்கள் சொல்லுறதைக் கேட்டிட்டு நான் ஒரு முடிவு எடுப்பன்" என்றான்.

அந்த அடுத்த வெள்ளி இன்றைக்கு.

ஜோசப்பின் காலையிலேயே கோயில் சேலையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். முற்றத்தில் இறால் பிரித்துக்கொண்டிருந்த இன்னாசித்தம்பி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, பூசைக்கோ?"

"போன் கொம்பனிக்கு. அவன் கேட்டுச் சொல்லச் சொன்னவன்."

"அந்தப் பிள்ளை பிழையானவள் எண்டு அவங்களிட்ட எழுதி வாங்கப் போறியோ?"

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது."

"விளங்காதுதான். அவள் போனதில இருந்து இந்த வீட்டில வாய்க்கு ருசியா ஒரு கறி இல்லை எண்டது மட்டும் விளங்குது" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் இறாலில் குனிந்தார். ஜோசப்பின் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். கிருசாந்தினி சிரிப்பை அடக்கியபடி பின்னால் போனாள். பின்னேரம் கோயிலில் சிலுவைப்பாதை செபம் இருந்தது. அந்தத் தெருக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியத்துக்கு ஜோசப்பின்தான் தலைவி. அதற்கு முதல் திரும்பிவிட வேண்டும் என்பது அவளுடைய கணக்கு.

டவுனில் இருந்த கொம்பனிக் கிளைக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், சுவர் நிறைய சிரிக்கிற முகங்கள். முறை வரும்வரை ஜோசப்பின் நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை. யாரோ ஒருவனின் நம்பர் வரும், அதை மகனுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மனதின் ஒரு மூலையில் அதில் ஒரு திருப்திகூட இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பொடியனின் சட்டையில் செந்தூரன் என்று பெயர் குத்தியிருந்தது. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான்.

"சொல்லுங்கோ அம்மா."

"இந்தப் போனில இருந்து ஆருக்கெல்லாம் எடுத்திருக்கெண்டு எனக்குத் தெரிய வேணும்."

அவன் தட்டிப் பார்த்தான். "ஆருக்கும் பெரிசா எடுக்கேல்லையே."

"வடிவாப் பார் தம்பி."

"வடிவாத்தான் பாக்கிறன். வெளியில போன கோல் ரெண்டு மூண்டுதான் கிடக்கு. எல்லாம் ஒரே நம்பருக்கு." அவன் அந்த நம்பரை வாசித்தான். அது பங்குத்தந்தையின் அறைவீட்டு நம்பர். அந்த அழைப்புகளை எடுத்தது ஜோசப்பின்.

"அப்ப போட்ட காசு எங்க?"

"காசு போகுதுதான். ஒவ்வொரு நாளும் போகுது. நீங்கள் ஒரு சேவை எடுத்திருக்கிறியள். இறைவார்த்தை எண்டு கிடக்கு."

ஜோசப்பின் கதிரையில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அது எங்கட பாதர் அனுப்புறது" என்றாள்.

"பாதரோ?" செந்தூரன் பாவம், சிரிக்கவில்லை. "இல்லை அம்மா. இது கொழும்பில இருக்கிற ஒரு கொம்பனி. இவங்கள்தான் ராசிபலனும் அனுப்புறாங்கள், கிரிக்கெட் ஸ்கோரும் அனுப்புறாங்கள், காதல் கவிதையும் அனுப்புறாங்கள். ஆளைப் பாத்து அனுப்புவாங்கள்."

"நான் கேக்கேல்லையே."

"ஒண்டை அழுத்தியிருக்கிறியள்."

அழுத்தினாள்தான். தவக்காலத்து முதல் வெள்ளி, ஒவ்வொரு வீட்டிலும் நாளுக்கு ஒரு வசனமாவது வாசியுங்கள் என்று பாதர் பிரசங்கத்தில் கேட்டிருந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவும் போன் கிணுங்கியது. நாளுக்கொரு இறைவார்த்தை, ஏற்றுக்கொள்ள ஒன்றை அழுத்தவும். தமிழில். அந்தப் போனுக்கு வருகிற செய்தி எல்லாம் சிங்களத்தில் வரும், இல்லாவிட்டால் இங்கிலீஷில் வரும். வாசிக்கத் தெரியாததை எல்லாம் அழித்துவிடுவது ஜோசப்பினின் வழக்கம். இது ஒன்றுதான் அவளுடைய மொழியில், அவளுடைய வேதத்தைப் பற்றி, அதுவும் பாதர் கேட்ட அன்றைக்கே வந்தது. சந்தேகப்பட என்ன இருக்கிறது? பாதரின் ஏற்பாடு என்றே நினைத்து, பக்தியோடு அழுத்தினாள்.

காசு வெட்டுகிறோம் என்ற செய்தியும் ஒவ்வொரு நாளும் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. அது இங்கிலீஷில் வந்தது. ஜோசப்பின் அதையும் ஒழுங்காக அழித்துக்கொண்டு வந்தாள். ஆசை காட்டத் தமிழும் காசு பிடுங்க இங்கிலீஷும் வைத்திருக்கிறவன் சும்மா ஆளில்லை, ஊரின் நாடி பிடித்துப் பார்த்தவன்.

"சரி, இப்ப நிப்பாட்டு" என்றாள்.

"நான் நிப்பாட்டேலாது அம்மா. உங்கட போனில இருந்துதான் மெசேஜ் போட வேணும்."

"அப்ப போடு."

"போடக் காசு வேணும். இதில காசில்லையே."

கிருசாந்தினி தன் பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தாள். செந்தூரன் ரீலோட் போட்டான். போன் கிணுங்கியது. அவன் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "எடுத்திட்டாங்கள். பழைய பாக்கி எண்டு எடுத்திருக்கிறாங்கள்." இரண்டாம் முறை போட்டுவிட்டு, வலையில் விழுந்த நண்டைப் பிடிக்கிறவன் போல அவசர அவசரமாக நிறுத்தச் சொல்லிச் செய்தி அனுப்பினான். பதில் இங்கிலீஷில் வந்தது. கிருசாந்தினி வாசித்தாள். வேண்டுகோள் கிடைத்தது, கவனிக்கப்படும் என்றிருந்தது.

"போன காசு?" என்று ஜோசப்பின் கேட்டாள்.

"அது அந்தக் கொம்பனியிட்டத்தான் கேக்க வேணும். எங்கட லைனால போகுது, அவ்வளவுதான். நாங்கள் பொறுப்பில்லை."

"உங்களுக்கு அதில ஒண்டும் வராதோ?"

செந்தூரன் கதிரையில் நெளிந்தான். "ஒரு பங்கு வரும்."

"உன்ர வளவுக்குள்ளால கள்ளன் போறான். நீ படலையைத் திறந்து விடுறாய், பங்கும் வாங்கிறாய். பிறகு கள்ளனிட்டப் போய்க் கேள் எண்டு எனக்குச் சொல்லுறாய். நல்லாயிருக்குத் தம்பி."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தணித்து, அந்தக் கொம்பனியின் நம்பரைச் சொன்னான். கிருசாந்தினி அங்கேயே நின்று அதற்கு எடுத்தாள். இங்கிலீஷ் கதைத்தது, சிங்களம் கதைத்தது, தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. மூன்றை அழுத்தியதும் பாட்டுப் போட்டது. பாட்டு முடிந்ததும் தானாக அறுந்தது.

"இதுக்கு மேல கேக்க ஒரு இடமும் இல்லையோ?"

"கொழும்பில ஒரு அரசாங்க அலுவலகம் இருக்கு. எழுதிப் போடலாம்."

"எழுதினால்?"

"முறைப்பாட்டு இலக்கம் ஒண்டு தருவினம்."

"பிறகு?"

"பிறகு..." அவன் தலையைச் சொறிந்தான். "அம்மா, என்ர அம்மாவின்ர போனிலையும் போகுது. அவாவுக்கு ராசிபலன். நானும் இன்னும் நிப்பாட்டி முடிக்கேல்ல."

அவனோடு கோபிக்க முடியாமல் போய்விட்டது. ஜோசப்பின் எழுந்து வெளியே வந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. படியிலேயே நின்றுவிட்டாள். எந்த நம்பரும் இல்லை, எந்த ஆணும் இல்லை. மகனின் பெண்சாதியை வீட்டை விட்டுத் துரத்தியது அவளுடைய சொந்தப் பெருவிரல்தான்.

"அண்ணி சொன்னவா அம்மா" என்றாள் கிருசாந்தினி. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"எப்ப?"

"உங்களுக்கு நினைவிருக்கு."

இருந்தது. முதல் கிழமையே தயாளினி போனைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றாள். "மாமி, இந்த வசனம் வந்த உடனதான் காசு குறையுது போல கிடக்கு. இதை நிப்பாட்டிப் பாப்பமோ?" என்று எவ்வளவு மரியாதையாகக் கேட்டாள். ஜோசப்பினுக்கு அது வேறு மாதிரிப் பட்டது. மாதா கோயிலில் வைத்துத் தாலி கட்டினாலும், வெள்ளிக்கிழமையில் விபூதிக் குறியோடு நிற்கிற பெட்டை அல்லவா? "சைவக்காரருக்கு எங்கட வேதவசனம் கண்ணில குத்துதோ?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. வாய் திறக்காததும் பிறகு குற்றமாகிவிட்டது.

ஜோசப்பின் கடை ஓரத்து நிழலில் நின்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அன்பியத்து ஆக்கள் எல்லாருக்கும் நான்தானே சொன்னனான், பாதர் அனுப்புறார், ஒண்டை அழுத்துங்கோ எண்டு" என்றாள்.

"ஓம் அம்மா. எனக்கும் சொன்னனீங்கள். நான் அழுத்தேல்ல."

"ஏன்?"

"பாதர் பைபிள் வாசிக்கச் சொன்னவர். போன் வாசிக்கச் சொல்லேல்ல."

வேறு நாளென்றால் இந்த வாய்க்கு ஒரு குட்டு விழுந்திருக்கும். இன்றைக்கு ஜோசப்பின் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாங்குளம் பஸ் எப்ப?"

"சிலுவைப்பாதை?"

"வேற ஆரெண்டாலும் நடத்தட்டும். அவன் பின்னேரம் எடுப்பான். அதுக்கு முதல் நான் அவளின்ர முகத்தில முழிக்க வேணும்."

கிருசாந்தினி முன்வீட்டுப் போனுக்கு எடுத்து, தகப்பனைக் கூப்பிடச் சொல்லி விசயத்தைச் சொன்னாள். "கூட்டிக்கொண்டு வாங்கோ. சும்மா வர வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னாசித்தம்பி வைத்துவிட்டார். அவருக்கு அவ்வளவு போன் கதையே அதிகம்.

பஸ் ஒட்டுசுட்டானை நெருங்கும்போது ஜோசப்பினின் போன் அடித்தது. வருகிற அழைப்புக்குக் காசு வேண்டாம். கூப்பிட்டது பிரேமிளா, பக்கத்து வீடு, அன்பியத்தில் பாட்டுத் தொடங்குகிறவள்.

"அக்கா, உங்களிட்ட ஒண்டு கேக்க வேணும். என்ர போனில காசு நிக்குதில்லை. இவர் ஒரு மாதிரிக் கதைக்கிறார். உங்கட போனிலையும் அப்பிடி ஏதும்..."

பிரேமிளாவின் புருசனுக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும். அது தெருவுக்கே தெரியும். ஜோசப்பின் வாயைத் திறந்தாள். முன் சீற்றிலும் பின் சீற்றிலும் தெரிந்த முகங்கள்.

"பஸ்ஸில நிக்கிறன் பிள்ளை. கேக்குதில்லை. வந்து கதைக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். துல்லியமாகக் கேட்டது. அந்தப் போனில் கதைப்பது எப்போதும் பத்துப் பேருக்குக் கேட்கும், அவ்வளவு சத்தம். கிருசாந்தினி தாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒட்டுசுட்டான் போனது. வயல் வந்தது, காடு வந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு வீட்டுப் பெண்ணை அடி வாங்க விட்டுவிட்டு வந்திருக்கிறேனே என்ற நினைப்பு அவளை இருக்க விடவில்லை. கடைசியில் மகளிடம் கையை நீட்டினாள். "உன்ர போனைத் தா."

பிரேமிளா எடுத்தாள். "பிள்ளை, உன்ர மனுசன் நிக்கிறாரோ? அவரிட்டக் குடு." அந்தக் கரகரத்த குரல் வந்ததும் ஜோசப்பின் முழு பஸ்ஸுக்கும் கேட்கவே சொன்னாள். "தம்பி, பிரேமிளாவின்ர போனில காசு போறது என்னால. வசனம் வருகுதெல்லோ, அது கள்ள வேலை. விசயம் தெரியாமல் நான்தான் எல்லாரையும் அழுத்தச் சொன்னனான். அந்தப் பிள்ளையை ஒண்டும் சொல்லாதேங்கோ. எனக்கு ஏசுங்கோ."

"அட, அப்பிடியே சங்கதி" என்று அவன் சிரித்தான். "நீங்கள் சொன்னால் சரி அக்கா. நான் வேற என்னமோ நினைச்சிட்டன்."

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. ஜோசப்பினுக்கு மூச்சு வந்தது. உண்மையைச் சொன்னால் ஆட்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனே கேட்கிறான், பெற்ற பிள்ளை கேட்க மாட்டானா? மாங்குளத்தில் இறங்கி வவுனியா பஸ் ஏறும்போது அவளுக்கு ஒரு தெம்பே வந்திருந்தது. கடையில் பிஸ்கட் பெட்டி ஒன்றும் வாங்கிக்கொண்டாள்.

கனகராயன்குளத்தில் தயாளினியின் தகப்பன் சிவராசாவின் வளவு நிறைய, கடலை காய்த்த கச்சான் செடி பிடுங்கிக் குவித்திருந்தது. தயாளினியும் அவள் தாய் ராக்காயியும் நிலத்தில் இருந்து கச்சான் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். படலையில் ஆட்களைக் கண்டதும் ராக்காயி மண் கையோடு எழும்பினாள்.

"வாங்க சம்பந்தி, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. ஏங்க, கதிரைய எடுத்தாங்க."

சிவராசா உள்ளேயிருந்து இரண்டு கதிரை கொண்டுவந்து வைத்தார். மகளை ஏசித் துரத்திய வீட்டுக்காரி வந்திருக்கிறாள் என்று முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அந்த மரியாதைதான் ஜோசப்பினைக் கொன்றது.

"வாங்கோ மாமி" என்றாள் தயாளினியும். எழும்பவில்லை. கை ஆய்வதை நிறுத்தவுமில்லை.

ஜோசப்பின் கதிரையில் இருக்கவில்லை. பிஸ்கட் பெட்டியை ராக்காயியிடம் கொடுத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கொம்பனிக்குப் போனதை, யாரும் யாருக்கும் எடுக்கவில்லை என்று தெரிந்ததை, தமிழில் வந்த அந்தச் செய்தியை, தான் அழுத்தியதை. "நீ முதலே சொன்னனீ பிள்ளை. நான்தான் கேக்கேல்ல. பிழை முழுக்க என்ர. அண்ணை, அக்கா, உங்களிட்டையும் நான் மன்னிப்புக் கேக்க வேணும்."

சிவராசா நிலத்தைப் பார்த்தார். "விடுங்கம்மா. தெரியாம நடந்தது தானே. போனால வந்த வினை."

தயாளினி ஒரு செடியை உதறி மண்ணைக் கொட்டினாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"காசு போனது போனால வந்ததுதான். அண்டைக்கு நீங்கள் சொன்ன சொல்லு போனில இருந்து வரேல்லைத்தானே மாமி."

"புள்ள" என்றார் சிவராசா.

"நான் கேக்கிறதில பிழை இருக்கோ அப்பா?"

பிழை இல்லை. அது ஜோசப்பினுக்கும் தெரியும். இந்தக் கேள்விக்குக் கொழும்பில் இருக்கிற எந்தக் கொம்பனியிலும் பழியைப் போட முடியாது. "இல்லை பிள்ளை. அது என்ர வாயில இருந்துதான் வந்தது" என்றாள். கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. கிருசாந்தினி போய் அண்ணிக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள்.

 பிறகு தயாளினி தணிந்த குரலில் கேட்டாள். "அவர் என்ன சொல்லுறார்?"

"இண்டைக்கு எடுப்பான். நான் எல்லாம் சொல்லுறன். சொன்னால் சரி. நீ என்னோட வா, பிள்ளை. இண்டைக்கே போவம்."

தயாளினி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் மடியில் இருந்த மண்ணைத் தட்டினாள். எழும்பப் போகிறவள் தட்டுவது போலவே இருந்தது. ராக்காயி அவசரமாகப் பிளேன்ரீ ஊற்றக் குசினிக்குள் போனாள்.

தேத்தண்ணி வருவதற்கு முதல் போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு நம்பர். ஜோசப்பின் எடுத்தாள்.

"அம்மா, கேட்டனீங்களோ?" அனிஸ்ரனின் குரல் வளவு முழுக்கக் கேட்டது. 

"கேட்டனான் அப்பன். அவள் ஆருக்கும் எடுக்கேல்ல. ஒரு பிழையும் செய்யேல்ல. நான்தான் ஒரு கள்ள மெசேஜை நம்பி அழுத்தினனான், அதுதான் காசைத் திண்டது. கொம்பனியில போய்ப் பாத்திட்டன்."

அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"கேக்குதோ தம்பி?"

"கேக்குது. நீங்கள் இப்ப எங்க நிக்கிறியள்?"

"நாங்கள் கனகராயன்குளத்தில. அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்தனாங்கள்."

"ஓ." அவன் ஒரு மாதிரிச் சிரித்தான். "அதானே பாத்தன். அவையள் சொல்லித் தந்து கதைக்கிறியளோ?"

சிவராசா தலையைக் குனிந்துகொண்டார். குசினி வாசலில் கோப்பைகளோடு வந்த ராக்காயி அப்படியே நின்றாள்.

"என்னடா கதைக்கிறாய்? மாதாவாணைச் சொல்லுறன், அவள் ஒண்டும் செய்யேல்ல."

"போன வெள்ளியும் மாதாவாணை எண்டுதான் சொன்னனீங்கள், அவள் ஆரோடையோ கதைக்கிறாள் எண்டு. நான் ஒரு கிழமையா நித்திரை இல்லாமல் கிடக்கிறன் அம்மா. இப்ப நான் எந்த ஆணையை நம்பிறது?"

ஜோசப்பின், ஊருக்கே கேட்கும் போனைக் காதில் வைத்தபடி, மருமகளைப் பார்க்கப் பயந்து, மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் கிளப்பிவிட்டது தன் சொல்லுக்கு அடங்காத அளவு வளர்ந்துவிட்டது என்று அந்த நொடியில்தான் அவளுக்கு விளங்கியது.

தயாளினி எழும்பினாள். "தாங்கோ மாமி" என்று கையை நீட்டினாள்.

"நான்தான்" என்றாள் போனில். குரல் நடுங்கவில்லை. "மாமி இப்பவும் பொய் சொல்லேல்ல, அண்டைக்கும் பொய் சொல்லேல்ல. அவா நம்பினதைச் சொன்னவா. பிழை எண்டு தெரிஞ்ச உடன பஸ் ஏறி வந்து நிக்கிறா. அவாவெண்டாலும் என்ர முகத்துக்கு நேர கேட்டவா. நீங்கள் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

டோகாவில் எங்கோ ஒரு வாகனம் ஹோர்ன் அடித்தது. 

"உங்களைத்தான் கேக்கிறன். கேட்டனீங்களோ?"

அழைப்பு அறுந்தது. அவன் வைத்தானா, லைன்தான் போனதா என்று அங்கே நின்ற யாருக்கும் தெரியவில்லை. தயாளினி போனை மாமியின் கையில் கொடுத்துவிட்டு, விட்ட இடத்தில் உட்கார்ந்து அடுத்த செடியை எடுத்தாள். ஜோசப்பினும் கோயில் சேலையோடு அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து ஒரு செடியை எடுத்தாள். வா என்று கூப்பிட இப்போது அவளுக்கு நாக்கு வரவில்லை. புருசனே நம்பாத பிள்ளையை எந்த வீட்டுக்கென்று கூப்பிடுவது?

முல்லைத்தீவுக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சிவராசா மெதுவாகச் சொன்னார். யாரும் எழும்பவில்லை.